கரிசல் சகதிக்கு வண்டி பார்த்தது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பது அந்த வயதிலேயே எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஓடிவிட்டது. வாயால் சொல்லலாமே என்றால், அது என் எழுத்தைவிட மோசம். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இந்த மழைக்கு முன்னால் நான் ஒரு வண்டி வாங்கினேன். அதைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். நான் பாதையில் நெல் நட்டேன் என்றுகூட ஒருவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். எதிரே நின்று மறுக்க முடியாததால் எழுதுகிறேன்.

டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே, தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்திலேயே எங்கள் வீடு. நானும் என் மனைவியும் நாலு கறவை மாடுகளும் இருக்கிறோம். அந்த ஒன்றரை கிலோமீட்டரும் கரிசல். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் களி கிண்டிய சட்டியாகிவிடும். செருப்புப் போட்டு நடந்தால் பத்து அடியில் செருப்பை மண் பிடுங்கிக்கொள்ளும். வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ ஒட்டிக்கொள்ளும். டிராக்டரே புதைந்து நின்று, அதை இழுக்க வந்த டிராக்டரும் பக்கத்தில் துணைக்கு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பாதை நாலு பேர் நிலத்தின் வழியாக வருகிறது. அதில் இரண்டு பேர் கோர்ட்டில் இருக்கிறார்கள். அதனால் ரோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வருடம் நானே இரண்டு டிப்பர் சரளை அடித்துப் பார்த்தேன். இரண்டே மழையில் கரிசல் அதை விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாதது போலக் கிடந்தது.

போன வருடம் ஐப்பசியில், பால் கேனோடு ரோட்டுக்குப் போன என் மனைவி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சரியான நேரத்துக்கு வந்து தார் ரோட்டில் நின்றது. அதற்கு மேல் அது வர முடியாது. நாங்கள் நாலு பேர் அவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினோம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முகத்தில் தூறல் விழாமல் தானே குடையைப் பிடித்துக்கொண்டு, படுத்தபடியே, யார் எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று அவள்தான் வழி சொன்னாள். இரண்டு இடத்தில் கட்டில் சகதியில் இறங்கியது. அவள் கத்தவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்த கை மட்டும் வெள்ளையாகிவிட்டிருந்தது.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் மதுரையில் மகள் வீட்டில் இருந்தாள். அந்த மூன்று மாதத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இருபத்தாறு வருடமாக எனக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தது அவள்தான். பால்காரர், கரண்ட் ஆபீஸ், மாட்டு டாக்டர் எல்லோரிடமும் அவள்தான் பேசுவாள். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன். அவள் இல்லாதபோது தார் ரோட்டு முக்கில் இருக்கும் தீவனக் கடைக்கு நான் போனேன். கடைக்காரர் தவறிப்போய்க் கன்றுக்குட்டித் தீவனத்தை எடுத்துப் போட்டார். அது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மா இருந்ததால் அடுத்த முறையும் அதையே போட்டார். மூன்று மாதமும் என் கறவை மாடுகள் கன்றுக்குட்டித் தீவனம்தான் தின்றன. அவற்றுக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் பால் குறைந்தது.

தை மாதம் அவள் கைத்தடியோடு திரும்பி வந்தாள். ஆடி பிறந்ததும் ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

"மழைக்கு முந்தி ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி ஐப்பசி பொறக்கவும் நா மக வீட்டுக்குப் போயிருவேன். இனி இன்னொருக்கா கட்டில்ல போக என்னால ஏலாது."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

விஷயத்தை அவள் தம்பியிடம் சொன்னேன். அவர் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். குக்கருக்குப் போடும் வளையம் செய்கிற கம்பெனி. இருந்தாலும் ரப்பர் சம்பந்தப்பட்டது என்பதால் டயர் விஷயத்தில் தான் சொல்வதே முடிவு என்பது அவர் எண்ணம். அவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். எந்த நாடோ தெரியவில்லை. நாலு தடித்த சக்கரமும் பைக் போன்ற கைப்பிடியும் உள்ள ஒரு வண்டி, எருமை புகுந்தாலே யோசிக்கிற சகதிக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஏறியது. ஓட்டியவர் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பாதையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஏடிவி மச்சான். ஃபோர் வீல் டிரைவ். நாலு சக்கரமும் தனித்தனியா இழுக்கும். ஒண்ணு பொதஞ்சாலும் மூணு இருக்கு."

மேட்டுக்காடு ஒன்றை விற்ற பணம் இருந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் இருவரும் அந்த வண்டியைப் படித்தோம். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு படித்திருந்தால் என் எழுத்து நன்றாக இருந்திருக்கும். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிக்குக் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று பெயர். இரண்டு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல், எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்ற வைப்பது டிஃப் லாக். மைத்துனர் எந்நேரமும் இடுப்பில் ஒரு டேப் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதற்கெல்லாம் கிளியரன்ஸ் பார்த்தார். டீக்கடை பெஞ்சு, பக்கத்துத் தோட்டத்து டிராக்டர், கடைசியில் எங்கள் சிவப்பு மாடு. மாட்டுக்குத்தான் அந்த வண்டியைவிட அதிகம். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

ஆவணிக் கடைசியில் மதுரைக்குப் போனோம். பைபாஸ் பக்கம், கண்ணாடி போட்ட கடை. உரிமையாளர் ஐம்பது வயதிருக்கும், மெல்லிய ஆள். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் வீட்டுப் பாஷையில் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு, எங்களிடம் திரும்பி "சொல்லுங்க சார்" என்பார். அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. எங்கள் இருவருக்கும் பேச்சு வராததால் மைத்துனரே இரண்டு பக்கமும் பேசினார்.

சுவரில் அந்த வண்டியின் பெரிய படம் இருந்தது. பனிமலை மேல் நின்றது. சகதியில் ஓடுமா என்று மைத்துனர் கேட்டதும் உரிமையாளர் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். அவரிடம் வாங்கியவர்கள் எல்லாம் மலையடிவாரத்து ரிசார்ட்காரர்கள். புல்தரையில் விருந்தாளிகளைச் சுற்றி வரச் செய்ய வாங்கினார்கள். ஒன்றை ஒரு கல்யாண மண்டபம் வாங்கியது. மாப்பிள்ளை அழைப்புக்கு. தரைவிரிப்பின் மேல் வாசலிலிருந்து மேடை வரை ஓட்டுவார்களாம்.

இன்னொன்றும் சொன்னார்.

"இதுக்கு நம்பர் பிளேட்டு கெடையாது சார். தார் ரோட்ல ஏத்தக் கூடாது. ரோடு இல்லாத எடத்துல மட்டுந்தான்."

வாழ்க்கையில் முதல்முறையாக, எங்களிடம் இருப்பதையே தகுதியாகக் கேட்கும் ஒரு பொருளைப் பார்த்தேன்.

மூன்று வகை இருந்தன. சின்னது பார்க்கப் பெரிய டயர் போட்டிருந்தது, ஆனால் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பெரியது ஜீப் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் சீட்டு வைத்தது. விலையைக் கேட்டதும் மைத்துனர் டேப்பை மடக்கிவிட்டார். நடுவில் உள்ளது பச்சை நிறம், நாலு சக்கரமும் இழுக்கும், டிஃப் லாக் உண்டு. முன்னும் பின்னும் சாமான் வைக்கக் கம்பித் தட்டு. மைத்துனர் தரையில் படுத்து அளந்தார். எழுந்து, எங்கள் சிவப்பு மாட்டைவிடக் குறைவு, ஆனால் போதும் என்று உரிமையாளரிடம் சொன்னார். உரிமையாளர் மரியாதையாகத் தலையசைத்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். உசிலம்பட்டிச் சந்தையில் உழவு மாடு பிடிக்கும்போது எங்கள் ஆட்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், எல்லாம் பார்த்தாலும் தன் நிலத்தில் ஒருநாள் ஏர் பூட்டிப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டார்கள். என் அப்பா அப்படித்தான் வாங்கினார், நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். இதை மைத்துனர் காதில் சொன்னேன். அவர் உரக்கச் சொன்னார். உரிமையாளர் மறுப்பார் என்று நினைத்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விற்கிற பொருள் சகதியில் ஓடி அவரும் பார்த்ததில்லையாம். எப்போது வரட்டும் என்று கேட்டார்.

மழை பெய்ததும் என்று சொல்லவேண்டியது. ஆனால் மழைக்கு முன் வண்டி வேண்டும் என்பது கெடு. சகதி இல்லாமல் வண்டியைச் சோதிக்க முடியாது. சகதி வந்துவிட்டால் மனைவி இருக்க மாட்டாள். புரட்டாசியில் வரவேண்டிய தூறலும் வரவில்லை. பாதை சிமெண்ட் போலக் கிடந்தது. ஆகவே நானே சகதி செய்தேன்.

கிணற்று மோட்டாரைப் போட்டு, வீட்டுக்கு முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து இருநூறு அடிக்குப் பாதையில் தண்ணீர் பாய்ச்சினேன். முதல் நாள் பாய்ச்சியதையெல்லாம் வெடிப்புகள் குடித்துவிட்டன. இரண்டாம் நாள் மேலே வழுக்கியது, அடியில் கல்லாக இருந்தது. அது போதாது. மூன்றாம் நாள் முழங்கால் வரை இறங்கியது. எனக்கு ரொம்பத் திருப்தி. அந்த மூன்று நாளும் பைக் போக வழியில்லாமல் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நானே அந்தச் சகதியில் நடந்தேன். எங்கள் வட்டாரத்தில் மழையே இல்லாமல் மழைக்காலத்துப் பாடுபட்டவன் நான் ஒருவன்தான். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, என்ன ரகம் நாற்று என்று கேட்டார். பதில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தேன். நெல் கதை அங்கிருந்து கிளம்பியதுதான்.

என் மனைவி கைத்தடியோடு வாசலில் நின்று பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். சோதிக்க என்றேன். 

நாலாம் நாள் காலையில் உரிமையாளர் வண்டியைக் குட்டியானை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோட்டங்களிலிருந்து இருபது பேர் வந்துவிட்டார்கள். முதலில் பின்சக்கரம் மட்டும் இழுக்க விட்டார். பாதிப் பள்ளத்தில் வண்டி நின்று, சக்கரம் சுற்றி, அவர் சட்டையில் கரிசல் பூ விழுந்தது. பிறகு நாலு சக்கரத்துக்கும் மாற்றி, டிஃப் லாக்கைப் போட்டார். வண்டி ஒரு முக்கு முக்கி, மெதுவாக, வயிறு சகதியில் உரசிக்கொண்டே ஏறி வந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. உரிமையாளர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.  திரும்பவும் ஒருமுறை போய்வரலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். மூன்று முறை போய்வந்தார். மைத்துனர் எல்லோருக்கும் டயரின் பட்டன்களைத் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சகதி என்னுடையது அல்லவா.

அப்போது என் மனைவி வாசலிலிருந்து இறங்கி, தடியை ஊன்றி ஊன்றி வண்டியிடம் வந்தாள். கூட்டம் விலகியது. வண்டியை முன்னும் பின்னும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாஞ் சரி," என்றாள். "நா எங்க உக்கார்றது?"

 உரிமையாளர் தயங்கித் தயங்கி, இது ஒருத்தர் ஓட்டுகிற வண்டி என்றார். அவசரத்துக்குப் பின்னால் ஏறிக்கொள்ளலாம், ஆனால் ஆண்கள் உட்காருவது போல இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும், ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பள்ளத்தில் கவிழ்த்துவிடும் என்றார். அவள் தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு, கம்பி வைத்த காலைத் தூக்கிக் காட்டினாள். அது ஒரு சாண் உயர்ந்து நின்றுவிட்டது.

"இம்புட்டுத்தான் வரும். டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. ரெண்டு மாசமா வயித்துக்கும் தரைக்கும் எம்புட்டுன்னு அளந்தீகளே. எங் காலுக்கும் இந்த சீட்டுக்கும் எம்புட்டுன்னு ஒருத்தராச்சும் அளந்தீகளா?"

மைத்துனரின் கை தானாக டேப்புக்குப் போனது. அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டார். பிறகு, கப்பலூரில் தனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பின்னால் ஒரு சின்ன டிரெய்லர் மாட்டி, அதில் நாற்காலியைக் கட்டிவிடலாம் என்றார்.

"நா என்னடா பால் கேனா?" என்றாள் அவள்.

உரிமையாளர் டீ குடித்துவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது, அம்மா கேட்டதைப் போல ஒரு கேள்வி கடையில் யாரும் கேட்டதில்லை என்று வருத்தமாகச் சொன்னார். அவரிடம் யாரும் கேட்காத கேள்விகள் எங்கள் வீட்டில் நிறைய இருந்தன.

அன்று சாயங்காலம் அவள் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். உங்கள்மேல் கோபம் இல்லை, ஆனால் போகிறேன் என்றாள். சோறு எப்படி வைப்பது, பால்காரருக்கு எதைச் சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டேன். இரண்டு மாதம் படித்ததை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அந்த வண்டியில் ஒருத்தர்தான் போகலாம். தார் ரோடு வரைக்கும்தான் போகலாம். அப்படியானால் அதில் போகவேண்டியவன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மழை மாதங்களில் அவள் தார் ரோட்டை ஒட்டி இருக்கட்டும். நான் விடிகாலையில் மாட்டுக்கு வந்து, சாயங்காலம் பாலோடு அவளிடம் போகிறேன். ராத்திரி மாடுகளுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் காது கொடுத்துக்கொள்வார்.

அவளிடம் சொன்னேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நல்ல ரோசனதான். தீவனக் கடைக்குப் பின்னாடி அவுக வீடு ஒண்ணு சும்மா கெடக்கு. படி ஏற வேண்டியதில்ல. நீங்க போயிக் கேளுங்க. நா கேக்க மாட்டேன்."

மறுநாள் போனேன். திரும்பி வந்தபோது என் தோளில் ஒரு மூட்டை கன்றுக்குட்டித் தீவனம் இருந்தது. அவள் மூட்டையையும் என்னையும் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சேலைகளை மடித்து வைத்தாள். ஐப்பசிக்கு எட்டு நாள் இருந்தது.

அடுத்த நாள் மறுபடி போனேன். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். அவர்கள் போனதும் வேறு ஐந்தாறு பேர் வந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து மூட்டையை எடுக்கத் திரும்பினார்.

"அண்ணே, அது வேணாம்," என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. "வீடு வேணும். பின்னாடி உள்ள வீடு. மூணு மாசத்துக்கு. வீட்டுல அவளுக்குக் காலு முடியல. மழையில தோட்டத்துல வச்சிருக்க முடியாது. மதுரைக்குப் போறேங்குறா. அவ போயிட்டா எனக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. கடையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கடைக்காரர் மூட்டையைக் கீழே வைத்தார்.

"நீங்க பேசுவீகளாண்ணே? இம்புட்டு நாளும் வாயில ஏதோ கொறைன்னுல்ல நெனச்சிருந்தேன்."

சாவியை எடுத்துக் கொடுத்தார். வாடகை பற்றி என் மனைவியோடு பேசிக்கொள்கிறேன் என்றார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவள் தீவனக் கடைப் பின்வீட்டுக்குக் குடிபோனாள்; மேட்டுக்காட்டுப் பணத்தைக் கட்டியதும் பச்சை வண்டி வந்தது. ஐப்பசி மூன்றாம் நாள் மழை பிடித்தது, நிஜ மழை. நான் செய்த சகதி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கரிசல் டயரின் பட்டன்களுக்குள் அப்பி, சக்கரம் மொழுக்கென்று களி உருண்டையாகிவிடும். ஐந்நூறு அடிக்கு ஒருமுறை இறங்கிப் பன்னரிவாளால் சுரண்ட வேண்டும். காய்ந்த பாதையில் நான் நடந்தே இருபது நிமிடத்தில் ரோட்டுக்குப் போய்விடுவேன். நாலு சக்கரமும் இழுத்து, டிஃப் லாக்கும் போட்டு, இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. இருந்தாலும் போய்ச் சேர்கிறது.

ஆட்களைக் கண்டால் ஒதுங்குகிற நான் இப்போது தினமும் சாயங்காலம், தலை முதல் கால் வரை கரிசலோடு, பெரும் சத்தத்தோடு ரோட்டு முக்கில் வந்து இறங்குகிறேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் வருகிறார்கள். எம்புட்டு விலை, எம்புட்டு மைலேஜ், மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வருமா என்று கேட்கிறார்கள். முதல் நாள் நான் கேனைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றபோது, என் மனைவி அந்தப் பின்வீட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிரவுண்ட் கிளியரன்ஸில் ஆரம்பித்து டிஃப் லாக் வரை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தப்பில்லை. அவள் மடியில் செல்போன் இருந்தது. கூட்டம் கலைந்ததும் அதை எடுத்து, பாதியில் நிறுத்தி வைத்திருந்த பேச்சைத் தொடர்ந்தாள். மறுமுனையில் மகள்.

"இல்லத்தா, இந்த வருசம் வரல. வண்டியினால இல்ல, அது கெடக்கு கழுத. ஒங்கப்பா கடையில அத்தன பேருக்கு முன்னாடி வாயத் தெறந்து எனக்காக வீடு கேட்டுட்டாராம். நம்ப மாட்டியே. நானும் நம்பல. கடைக்காரரு வந்து சொல்லித்தான் தெரியும்."

நான் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடிக்க அன்று ரொம்ப நேரம் ஆனது.

கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை.